மூன்றரை மில்லிமீட்டர் தேய்மானம்

அரையாண்டு விடுமுறையின் இரண்டாம் நாள் என் டைரியில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "வெள்ளி. காலை 8.10. வாய்க்கால் கரையில் ரப்பர் கருகும் வாடை. அண்ணன் வண்டியிலிருந்து." அன்றைக்கு இதைத் தவிர, மழை இல்லை என்பதையும் பள்ளிக்கூட லேப் சாவி என்னிடமே தங்கிவிட்டது என்பதையும்தான் எழுதியிருக்கிறேன். அடுத்த ஒரு வாரம் முழுக்க அந்த வாடையைப் பற்றியே எழுதப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

அண்ணனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. துபாயில் பத்தொன்பது வருடம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் விடும் வேலை பார்த்தார். சர்க்கரை நோயும் கூடவே இருந்தது. பாதத்தில் வந்த ஒரு கொப்புளத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊருக்கு வந்து இறங்கியபோது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. தஞ்சாவூரில் காலை எடுத்தார்கள். பிறகு பொருத்திய செயற்கைக் கால் வீட்டுக்குள்ளும் தெருவிலும் நன்றாகவே உழைத்தது. ஈர வரப்பில் மட்டும் அது ஒரு சாண் இறங்கிவிடும். இழுத்தால் கால் வராது, ஆள் மட்டும் வருவார்.

அப்பா விட்டுப்போன நிலம் எட்டு மா, இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். பூதலூர்ப் பக்கம் எங்கள் ஊரில், வீட்டிலிருந்து வாய்க்கால் கரை வழியாக ஒன்றே கால் கிலோமீட்டர். அண்ணன் வெளிநாட்டில் இருந்தவரை அது குத்தகையில் இருந்தது. திரும்பி வந்ததும் தானே பயிர் வைக்கவேண்டும் என்றார். அண்ணிக்குச் சம்மதம் இல்லை.

"ஒரு கால் போச்சு. இன்னொன்னையும் சேத்துல விட்டுட்டு வந்து நிக்கப்போறீங்களா?" என்று கேட்டார்.

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் குத்தகைக்குக் கேட்டு வாரம் ஒருமுறை வாசலுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. நிலத்தை நன்றாக வைத்துக்கொள்ளக்கூடியவர். அதுதான் அண்ணன் பக்கத்தை இன்னும் பலவீனமாக்கியது.

கடைசியில் அண்ணன் ஒரு பேச்சுக்கு வந்தார். "இந்த ஒரு சம்பா நான் பாக்குறேன். ஆள் வச்சு இல்ல, நானே போயி நின்னு பாக்குறேன். முடியலன்னா அறுப்பு முடிஞ்ச மறுநாளே அந்தாளக் கூப்பிட்டு குடுத்துடு. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"நெசமாவா?"

"பாப்பா நிக்கிறா பாரு. அவ டைரியில எழுதிக்கட்டும்."

பாப்பா என்பது நான். எனக்கு ஐம்பது வயதாகிறது. அதே தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கிறேன். எழுதிக்கொண்டேன்.

அந்தப் பேச்சு நடந்த பிறகுதான் வண்டி வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு விடுதியில் விருந்தாளிகளை ஏற்றி இறக்க வைத்திருந்த பெட்ரோல் கோல்ஃப் வண்டிகளைக் கழித்துவிட்டு பேட்டரி வண்டி வாங்கினார்கள். கழித்ததில் ஒன்றை அண்ணன் கண்டுபிடித்தார். துபாயில் அதே மாதிரி வண்டியில்தான் அவர் மைதானம் முழுக்கச் சுற்றியிருக்கிறார். அதில் கியர் கிடையாது, கிளட்ச் மிதி கிடையாது. ஓடவும் நிற்கவும் வலது கால் ஒன்று போதும். காலை வைத்தால் எஞ்சின் கிளம்பும், எடுத்தால் எஞ்சினே அணைந்துவிடும். ஊரில் இதைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். பெரிய கோயில்களில் வயதானவர்களை ஏற்றிப் போகும் வண்டியைப் போல இருந்ததால் "கோயில் வண்டி" என்று பெயர் வைத்தார்கள். அண்ணன் கரையில் போகும்போது, "தரிசனம் எத்தன மணிக்குண்ணே?" என்று வயலுக்குள்ளிருந்து யாராவது கேட்பார்கள். "நடை தொறந்துதான் இருக்கு, வா" என்பார் அண்ணன்.

நடவிலிருந்து களையெடுப்பு, உரம் எல்லாவற்றுக்கும் அந்த வண்டியில் போய்த்தான் நின்றார். வயலின் தலைமாட்டில் வண்டியை வாய்க்காலை ஒட்டி நிறுத்தி, இருக்கையின் ஓரத்துக்கு நகர்ந்து, வலது காலைத் தரையில் ஊன்றி, நீளக் காம்பு போட்ட மண்வெட்டியால் உட்கார்ந்தபடியே மடையை வெட்டுவார், அடைப்பார். மார்கழியில் பயிர் பால் பிடித்துக்கொண்டிருந்தது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். தண்ணீரைப் பிரித்து விடும் லஸ்கர் வந்து, "அடுத்த வெள்ளிக்கிழம ரெண்டு மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் உங்க முறை. இதுக்கப்பறம் தண்ணி இருக்குமான்னு சொல்ல முடியாது, விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்த நேரத்தில்தான் வாடை வந்தது. வண்டி கிளம்பும்போது கீச்சென்று ஒரு சத்தம். மிதித்தால் எஞ்சின் இரைகிறது, வண்டி அதற்கு ஏற்ற வேகத்தில் போவதில்லை. முன்பு வீட்டிலிருந்து வயலுக்கு ஆறு நிமிடம் ஆகும். நான் பலமுறை கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை பதினொரு நிமிடம் ஆனது.

சனிக்கிழமை பவர் டில்லரும் அறுவடை இயந்திரமும் பார்க்கும் மெக்கானிக்கை அண்ணன் வரச்சொன்னார். அவர் இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே எஞ்சின் பக்கம் ஒரு புல்லி, பின்சக்கரத்தின் பக்கம் ஒரு புல்லி, இரண்டையும் சுற்றி ஓர் அகலமான கறுப்பு பெல்ட். ஒவ்வொரு புல்லியும் இரண்டு தட்டுகளை முதுகோடு முதுகு வைத்தது போல இருந்தது. சுற்றிலும் மை போலக் கறுப்புத் தூள்.

"பெல்ட் வழுக்குதுண்ணே. வேற ஒண்ணுமில்ல."

"மாத்தணுமா?" என்றேன்.

"எதுக்கு டீச்சர்? அந்துபோச்சா? முழுசா இருக்கு பாருங்க."

"நான் டீச்சர் இல்லைங்க. லேப்ல இருக்கேன்."

"பள்ளிக்கூடத்துல இருந்தா டீச்சர்தான். ரைஸ் மில்லுல பெல்ட் வழுக்குனா என்ன பண்ணுவோம்? ஒரு கை குங்கிலியம். அப்பறம் ஒரு சீசன் அசையாது."

இதில் எங்கள் மூவருக்கும் சந்தேகமே வரவில்லை. இந்தப் பக்கத்தில் அரிசி ஆலை இல்லாத ஊர் ஏது? ஓடுகிற பட்டையின் மேல் குங்கிலியப் பொடியைத் தூவுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறோம். அண்ணி வீட்டில் சாம்பிராணியோடு சேர்த்துப் போட வைத்திருந்த குங்கிலியத்தை நானேதான் இடித்துச் சலித்துக் கொடுத்தேன். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான். மெக்கானிக் பெல்ட்டின் இரண்டு பக்கமும் தடவினார். வண்டி கிளம்பியது. கீச்சுச் சத்தம் இல்லை. "பாத்தீங்களா?" என்றார். டீ குடித்துவிட்டுப் போனார்.

மில்லில் பட்டை ஒரே இடத்தில் ஓடும். அதற்குப் பிடிப்பு மட்டும் போதும். இந்த வண்டியின் பெல்ட் வேகத்துக்குத் தக்கபடி புல்லியின் பள்ளத்தில் ஏறவும் இறங்கவும் வேண்டும். வழுக்கி நகர்வதுதான் அதற்குக் கியர். இதை நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை கற்றுக்கொண்டோம்.

அண்ணன் முன்னால் போனார். அண்ணியும் நானும் வெயில் ஏறுவதற்கு முன் பயிரைப் பார்க்கலாம் என்று பின்னால் நடந்தோம். மதகுக்குப் பக்கத்தில் கரை குறுகும் இடத்தில் அண்ணன் வண்டியை நிறுத்தி ஒரு மாட்டுக்கு வழிவிட்டார். மறுபடி மிதித்தார். மெதுவாக நகரவேண்டிய வண்டி எகிறிப் பாய்ந்தது. குங்கிலியம் பெல்ட்டைப் பிடித்த இடத்திலேயே பிடித்து வைத்திருந்தது. முன்சக்கரம் கரையின் விளிம்பு வரை போய் நின்றது. பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோல் வாய்க்காலில் விழுந்து மிதந்து போயிற்று. அண்ணன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அண்ணி ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பேசியது அண்ணனிடம் அல்ல, என்னிடம்.

"எழுதிக்கம்மா உன் டைரியில. அறுப்பு வரைக்குங்கூட வேணாம். இந்தத் தண்ணியப் பாச்சறதுக்கு வேற ஆள் விட்டுக்கலாம். பொங்கல் கழிச்சு அந்தாள வரச்சொல்லிடுறேன்."

"அண்ணி, வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுங்க. வண்டியச் சரிபண்ணிப் பாப்போம்."

"வெள்ளிக்கெழம ரெண்டு மணி. அதுக்குள்ள இந்த வண்டி ஒழுங்கா ஓடலன்னா இனிமே என்னயக் கேக்கக் கூடாது."

நான் மடையைத் திறந்து விடுகிறேன் என்று அண்ணனிடம் அன்று மாலை சொன்னேன். மூன்று மணி நேர வேலைதானே. அவர் சிரித்தார். "திறப்ப. நல்லாவே திறப்ப. ஆனா நான் வீட்ல உக்காந்திருக்க, என் வயல்ல தண்ணி பாயுதுன்னா, அது குத்தகைக்கு விட்ட மாதிரிதானம்மா?"

திங்கள்கிழமை காலை லேப்பைத் திறந்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு வெர்னியர் அளவியை எடுத்து வந்தேன். இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளுக்கு அதை எடுத்துக் கொடுத்து வாங்கி வைக்கிறேன். சொந்தக் காரியத்துக்குத் தொட்டது அதுதான் முதல் முறை. மெக்கானிக் வந்து பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தார். குங்கிலியம் விஷயத்தில் அவருக்கும் சங்கடம். அன்றைக்கு டீ வேண்டாம் என்றுவிட்டார். பெல்ட்டின் மேல் எண் எதுவும் இல்லை, அழிந்துபோயிருந்தது. பக்கவாட்டில் கண்ணாடி போலப் பளபளப்பு. பற்களின் அடியில் மெல்லிய வெடிப்புகள். ஐந்து இடத்தில் அகலத்தை அளந்து சராசரி எடுத்தேன்: 26.4 மில்லிமீட்டர். நூல் சுற்றி வெளிச்சுற்றளவும் எடுத்தேன். இரண்டையும் ஒரு தாளில் எழுதி, பெல்ட்டையும் பையில் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் போனேன்.

மில் சாமான் விற்கும் கடை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த கடைக்காரர் பழைய பெல்ட்டைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு பெல்ட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"ஒரு விடுதிக்காரங்க அவுங்க வண்டிக்குன்னு ஆர்டர் கொடுத்து, வந்து எடுக்கவே இல்ல. அதான் இதுன்னு நினைக்கிறேன்."

நான் அளவியை எடுத்தேன். அகலம் 30.1. நூலை வைத்துப் பார்த்தேன், சுற்றளவு சரி.

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

"நினைக்கிறேம்மா."

"இது அகலம் ஜாஸ்திங்க. எனக்கு இருபத்தாறு புள்ளி நாலு வேணும்."

"ரெண்டு மூணு மில்லி முன்னப்பின்ன இருந்தா என்னம்மா? புடவையா எடுக்குறீங்க?"

"அளந்து எடுத்துட்டு வந்திருக்கேன்" என்று தாளைக் காட்டினேன்.

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏணி போட்டு ஏறி, அறுவடை இயந்திரத்துக்கான பெல்ட்டுகளில் தேடி, அரை மணி நேரம் கழித்து ஒன்றை இறக்கினார். அகலம் 26.5. சுற்றளவும் ஏறக்குறைய அதே. எனக்கு மிகுந்த திருப்தி. அன்றைய டைரியில் "அளவு மிகச் சரியாகக் கிடைத்தது" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். இப்போதும் அந்தப் பக்கத்தைத் திருப்பினால் அந்த அடிக்கோடு கண்ணில் படாமல் இருப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை மாட்டினோம். மாட்டுவதற்கு முன் பெல்ட் ஓடும் தடத்தில் ஒட்டியிருந்த குங்கிலியத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தேன். எகிறல் போய்விட்டது. ஆனால் புதன்கிழமை வயலுக்குப் போக பத்து நிமிடம் ஆனது. மதகருகே ஏற்றத்தில் மறுபடி கீச்சுச் சத்தம், மறுபடி லேசாக அந்த வாடை.

"பரவால்லம்மா. போகுதுல்ல" என்றார் அண்ணன். எனக்கு மனம் கஷ்டப்படக் கூடாது என்று சொன்னார். இரண்டு மூட்டை உரத்தோடு ஓடிய வண்டி இப்போது ஒற்றை ஆளோடு முனகுவது அவருக்கும் தெரியும். திரும்பி வரும்போது பாதி வழியில் ஏற்றத்தில் நின்றேவிட்டது. எதிரே வந்த இருவர் தள்ளிவிட்டார்கள். "என்னண்ணே, நடை சாத்தியாச்சா?" என்று அவர்கள் கேட்டது வழக்கமான கேலிதான். அண்ணன் அன்றைக்கு மிதியை அழுத்துவதிலேயே குறியாக இருந்தார். அண்ணி வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பிற்பகல், குங்கிலியம் எங்காவது மிச்சம் இருக்குமோ என்ற எண்ணத்தில் மறுபடி பெல்ட்டைக் கழற்றச் சொல்லிப் புல்லிகளைத் துடைக்க உட்கார்ந்தேன். இந்த முறை தடத்தை மட்டும் அல்லாமல் தட்டுகளின் விளிம்பு வரை துடைத்தேன். அப்போதுதான் பின்பக்கத்துப் புல்லியில் அதைப் பார்த்தேன். பெல்ட் ஓடும் இடம் வெள்ளி போல மினுங்கியது. அதற்கு வெளியே, விளிம்பை ஒட்டி, மங்கலாகத் துருப்பிடித்த ஒரு வளையம். துருவை நகத்தால் சுரண்டினேன். அடியில் அதே மினுமினுப்பு, பழைய மினுமினுப்பு. ஒரு காலத்தில் பெல்ட் அங்கேயும் ஓடியிருக்கிறது. பிறகு ஓடவில்லை.

தட்டுகள் சாய்வானவை. பெல்ட்டின் அகலம் குறைந்தால் அது பள்ளத்தில் உள்ளே இறங்கிவிடும், விளிம்பைத் தொடாது. வளையத்தின் அகலத்தை அளந்தேன்: ஏழரை மில்லிமீட்டர். அட்டை வெட்டி வைத்துச் சாய்வைக் கோணமானியால் பார்த்தேன்: பதின்மூன்று டிகிரி. கணக்குப் போட்டால் இரண்டு பக்கமும் சேர்த்து மூன்றரை மில்லிமீட்டர் வந்தது. 26.4 உடன் மூன்றரையைக் கூட்டினால் 29.9.

கடைக்காரர் முதலில் மேசையில் போட்ட பெல்ட் 30.1.

நான் தேய்ந்த பெல்ட்டை ஐந்து இடத்தில் அளந்து, சராசரி எடுத்து, தேய்ந்த அளவிலேயே புதுசு தேடி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இளைத்துப்போன நோயாளியின் சட்டையைக் கொடுத்து, அவர் குணமான பிறகு போட அதே அளவில் தைக்கச் சொன்ன மாதிரி. பிள்ளைகள் அளக்கும்போது, "கருவியிலேயே பிழை இருக்கான்னு முதல்ல பாருங்க" என்று இருபத்தாறு வருடமாகச் சொல்லி வருகிறேன். அளக்கப்படும் பொருளிலேயே பிழை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்ப அந்தக் கடக்காரர் சொன்னது சரி."

"ஆமா."

"நீ அவர்கிட்ட பாடம் நடத்திட்டு வந்துட்ட."

"ஆமாண்ணே."

"சரி விடு. நானும் பத்தொம்பது வருசம் இந்த வண்டிய ஓட்டிருக்கேன், ஒரு நாளாவது சீட்டத் தூக்கிப் பாத்தனா? அது அங்க ஷெட்டுல வண்டி ரிப்பேர் பாத்த பிலிப்பைன்ஸ்காரன் வேலைன்னு விட்டுட்டேன்."

அப்போது மாலை ஐந்தரை. கடைக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாகப் பூதலூரில் ரயில் ஏறினேன். கடை பத்து மணிக்குத்தான் திறந்தது. நான் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்னம்மா, அளவு மாறிடுச்சா?"

"முதல்ல எடுத்துப் போட்டீங்களே, அது இருக்குங்களா?"

"இருக்கும். அத யாரு வாங்குவா, உங்கள விட்டா?"

எடுத்துக் கொடுத்தார். என் பழக்கம் விடவில்லை. கடையிலேயே அளவியை வைத்துப் பார்த்தேன். அவர் ஏணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும்போது பன்னிரண்டு ஐம்பது. மெக்கானிக்குக்குப் போன் செய்தால், பக்கத்து ஊரில் ஓர் இயந்திரத்துக்கு அடியில் படுத்திருப்பதாகவும் மூன்று மணிக்குத்தான் எழுந்திருக்க முடியும் என்றும் சொன்னார். முறை இரண்டு மணிக்கு.

"நம்மளே மாட்டிப்புடலாம்" என்றார் அண்ணன். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றினோம். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தேன். வியாழக்கிழமை கழற்றிய பிறகு அந்த 26.5 பெல்ட்டை நாங்கள் திரும்ப மாட்டவே இல்லை; புல்லிகள் சுத்தமாகக் காத்திருந்தன. புது பெல்ட்டை எஞ்சின் பக்கத்துப் புல்லியில் போடுவது சுலபமாக இருந்தது. பின்பக்கத்துப் புல்லியில் அது ஏறவே மாட்டேன் என்றது. விறைப்பாக, பிடிக்க இடமில்லாமல், ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் வெளியே வந்தது. நான் திருப்புளியை எடுத்தேன்.

"அத வைம்மா கீழ" என்று அண்ணன் அதட்டினார். "அந்தப் பிலிப்பைன்ஸ்காரன் ஒரு சாமான் எடுக்க மாட்டான். கையாலதான் போடுவான். பாட்டு பாடிக்கிட்டே போடுவான்."

"எப்படிப் போடுவான்?"

"அதத்தான் பாக்கல. பாட்டுதான் கேட்டிருக்கேன்."

மணி ஒன்று முப்பத்தைந்து. அண்ணன் தரையில் உட்கார்ந்து, வியர்த்து, செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். என் விரல் முட்டிகள் சிராய்த்திருந்தன. அண்ணி கொல்லைப்புறத்திலிருந்து வந்து எங்கள் பின்னால் நிற்பது எனக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"நகரு" என்றார்.

"அண்ணி?"

"சைக்கிள் செயின் கழண்டா மாட்ட மாட்டோமா? பல்லுல கொஞ்சம் வச்சுட்டு பெடலச் சுத்துனா அதுவா ஏறிக்கும். நீ முழுசா ஒரேயடியா அமுக்குற."

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தார். பத்தாம் வகுப்பு வரை ஒரு நாளைக்குப் பதினாறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தவர். என்னைத் தட்டுகளைப் பிரித்துப் பிடிக்கச் சொன்னார். பெல்ட்டின் அடிப்பக்கத்தைப் பள்ளத்தில் வைத்து, மேலே ஒரு கையை அழுத்தி, மறுகையால் புல்லியைச் சுற்றினார். முதல் சுற்றில் நழுவியது. "ஏங்க, அந்தப் பக்கம் கொஞ்சம் தளத்தி விடுங்க" என்றார். அண்ணன் எஞ்சின் பக்கத்தில் பெல்ட்டை உள்ளே தள்ளிப் பிடித்தார். இரண்டாவது சுற்றில் பெல்ட் விளிம்பில் ஏறி, தட்டென்று பள்ளத்தில் விழுந்தது.

நான் குனிந்து பார்த்தேன். பின்பக்கத்துப் புல்லியின் விளிம்போடு விளிம்பாக உட்கார்ந்திருந்தது. துருப்பிடித்த வளையம் மறைந்துவிட்டது.

"பாட்டு பாடலையே" என்றார் அண்ணன்.

"மொதல்ல கால மாட்டுங்க" என்றார் அண்ணி.

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு வண்டி தெருவைத் தாண்டியது. அண்ணனுக்குப் பக்கத்தில் அண்ணி உட்கார்ந்திருந்தார். அந்த வண்டியில் அவர் ஏறியது அதுவே முதல் தடவை. பின்பக்கம் மூட்டை வைக்கும் இடத்தில் நான், மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு. மதகருகே கரை குறுகும் இடத்தில் அண்ணன் வேண்டுமென்றே நிறுத்தினார். காலை எடுத்ததும் எஞ்சின் அணைந்து, பயிருக்குள் காற்று போகும் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி மிதித்தார். வண்டி மெல்ல நகர்ந்து, சீராக வேகம் பிடித்தது. அண்ணி கம்பியைப் பிடித்திருந்த கையைத் தளர்த்தியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். மூன்று பேரோடும் ஏழு நிமிடம் ஆனது.

லஸ்கர் எங்கள் மடைக்கு எதிரே சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார். "ஒரு நிமிசம் பாத்துட்டு அடுத்த வயலுக்குச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.

"அதான் வந்துட்டம்ல" என்றார் அண்ணி. நாங்கள் என்ற பொருளில் அவர் அந்த நிலத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அண்ணன் இருக்கையின் ஓரத்துக்கு நகர்ந்து, வலது காலை ஊன்றி, மூன்று வெட்டில் மடையைத் திறந்தார். தண்ணீர் முதலில் நுரையோடு, பிறகு தெளிவாக, பயிரின் தூரைச் சுற்றிக்கொண்டு போனது. முதல் பாத்தி நிறைய ஐம்பது நிமிடம் ஆனது. அவர் அங்கேயே இருந்து, எந்தப் பக்கம் தண்ணீர் ஏறவில்லை என்று கையை நீட்டிச் சொல்ல, அண்ணி வரப்பில் நடந்து போய்க் காலால் மண்ணைத் தள்ளிவிட்டு வந்தார்.

நான்கு மணிக்கு அண்ணியின் போன் அடித்தது. குத்தகைக்குக் கேட்டவர். ஞாயிற்றுக்கிழமையே அண்ணி அவருக்குச் சொல்லி வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஆமாங்க... ஆமாம், சொன்னேன். இல்லைங்க, இப்ப இல்ல. இவுங்களே பாக்குறாங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார். "அடுத்து வர்ற குறுவையுந்தாங்க. வண்டி நல்லாத்தான் ஓடுது."

போனை வைத்துவிட்டு வரப்பிலேயே நின்று தண்ணீரைப் பார்த்தார். அண்ணன் மண்வெட்டியின் காம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அவ்ளோ தூரம் போனியே. அந்த பெல்ட்டு ரெண்டா வாங்கிட்டு வந்திருக்கலாம்ல?"

அன்றைய பக்கத்தின் கடைசி மூன்று வரிகள்: "பெல்ட் அகலம் 30.1. மாதம் ஒருமுறை அளக்க வேண்டும். கடைக்காரரிடம் இன்னொன்றுக்குச் சொல்லி வைக்க வேண்டும், அவர் சொல்லும் அளவில்."